பழைய வீட்டில் பிளக் பாயிண்ட் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்குச் சாயம் பூசும்போதுதான் பல வீடுகளில் பழைய பிளக் பாயிண்டின் மீது கண் போகிறது. வெள்ளையாக இருந்த மூடி மஞ்சளாகி இருக்கும். ஒரு துளையைச் சுற்றிக் கருகிய தடம் தெரியும். செருகினால் பிளக் ஆடும். கடையில் சில வெள்ளிக்குப் புதிய சாக்கெட் கிடைக்கிறது. இரண்டு திருகாணிகளைக் கழற்றி, வயரை மாற்றிச் செருகி மூடிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும்.

புதிய வீட்டில் அது ஏறக்குறைய உண்மைதான். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய தாமான் வீட்டிலோ, கம்பத்துப் பலகை வீட்டிலோ, தோட்டத்து லயத்திலோ நிலைமை வேறு. அங்கே சுவருக்குள் இருக்கும் வயர் எந்த நிலையில் இருக்கிறது, எர்த் வயர் இருக்கிறதா, அது மண்ணைப் போய்ச் சேர்கிறதா என்பது மூடியைப் பார்த்தால் தெரியாது. இவற்றைச் சோதிக்காமல் முகப்பை மட்டும் மாற்றினால், ஆபத்து அப்படியே இருக்க, வீட்டிலிருப்பவர்களுக்கு வீண் நம்பிக்கை மட்டுமே மிஞ்சும்.

மூன்று துளைகளும் எதற்கு?

மலேசியாவில் இன்று பயன்படுவது மூன்று சதுர முனைகள் கொண்ட 13 ஆம்பியர் பிளக். 1947இல் பிரிட்டனில் வெளிவந்த பிஎஸ் 1363 என்ற தரநிலையின் வழி வந்தது இது. மலேசியாவில் இதற்குரிய தரநிலை எம்எஸ் 589. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் கீழே வலப்பக்கம் இருப்பது லைவ், இடப்பக்கம் இருப்பது நியூட்ரல், மேலே இருக்கும் பெரிய துளை எர்த். லைவ் வழியாக மின்சாரம் வருகிறது, நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. சாதாரண நேரத்தில் எர்த் வயரில் மின்சாரம் ஓடுவதில்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு வயர் தேய்ந்து இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் மனிதரைத் தேடாமல் மண்ணுக்குப் போக வழிவிடுவதே எர்த்தின் வேலை.

பிளக்கின் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அது முதலில் உள்ளே போய், லைவ், நியூட்ரல் துளைகளை மறைத்திருக்கும் சிறு பிளாஸ்டிக் கதவைத் திறக்கிறது. குழந்தை கம்பியையோ ஹேர்பின்னையோ துளைக்குள் விடாமல் தடுப்பது அந்தக் கதவு. இரண்டு முனை சார்ஜரைச் செருகுவதற்காகப் பேனா மூடியையோ தீக்குச்சியையோ எர்த் துளையில் குத்தித் திறக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது அந்தக் காவலை உடைப்பதற்குச் சமம். நாளடைவில் கதவு மூடாமலே நின்றுவிடும். சில வெள்ளிக்கு விற்கும் தரமான மாற்று பிளக் அதற்குப் போதும்.

எர்த் வயர் எங்கே போய்ச் சேர்கிறது?

மலேசியாவில் பெரும்பாலான தரை வீடுகளுக்குச் சொந்தமாக எர்த் கம்பி உண்டு. செம்பு பூசிய அந்தக் கம்பி, பெரும்பாலும் மீட்டர் பெட்டிக்கு அருகில் அல்லது வீட்டுப் பக்கச் சுவரோரம் மண்ணில் அடிக்கப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள எல்லா பிளக் பாயிண்டுகளின் எர்த் வயரும் மெயின் சுவிட்ச் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து இந்தக் கம்பிக்குப் போகின்றன.

மீட்டர் வரை உள்ளது தெனாகா நேஷனலின் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு வரும் வயரிங்கும், இந்த எர்த் கம்பியும் வீட்டுக்காரரின் பொறுப்பு. முன்வாசலுக்குச் சிமெண்டு போடும்போதோ சமையலறையை நீட்டும்போதோ இந்தக் கம்பியை அறுத்துவிடுவது, அதன் மேல் மண்ணும் சிமெண்டும் கொட்டி மூடிவிடுவது, இணைப்புக் கவ்வி துருப்பிடித்துக் கழன்றுவிடுவது எல்லாம் பழைய வீடுகளில் நடப்பவை. அப்படி நடந்தாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். வீட்டில் எர்த் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது.

எர்த் இருந்தாலும் அது மட்டும் போதாது. ஒரு வீட்டு எர்த்தின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழி ஓடக்கூடியது 23 ஆம்பியர். பிளக் பாயிண்டுகளுக்கு 32 ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்ச் இருந்தால் அது விழாது. பழுதான இயந்திரத்தின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி என்ற கருவி மெயின் பெட்டியில் தேவைப்படுகிறது. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கான பாயிண்டுகளுக்கு 30 மில்லிஆம்பியரிலும், குளியலறை வெந்நீர்ச் சாதனத்துக்கு 10 மில்லிஆம்பியரிலும் செயல்படும் கருவி வேண்டும்.

பழைய சுவருக்குள் என்ன இருக்கும்?

மூடியைக் கழற்றினால் பழைய வீடுகளில் பொதுவாகக் கீழ்க்கண்டவற்றில் ஒன்றோ இரண்டோ தென்படும்.

ரப்பர் வயர்: பிவிசி பரவலாவதற்கு முன்பு வயருக்கு உறையாக ரப்பரும் துணியும் இருந்தன. ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் இருந்த ரப்பர் காய்ந்து, தொட்டாலே பொடியாக உதிரும். பழைய சாக்கெட்டில் அசையாமல் இருந்தவரை தாங்கிய அந்த உறை, புதியதில் மடக்கிச் செருகும்போது உடைந்துவிடும். இத்தகைய வயரில் புதிய சாக்கெட் மாட்டக்கூடாது. வயரையே மாற்ற வேண்டும்.

இரண்டே வயர்: விளக்குக்காக இழுத்த லைனிலிருந்து பின்னாளில் பாயிண்ட் எடுத்த வீடுகளில் எர்த் வயரே இருக்காது. விளக்கு லைனின் வயர் மெல்லியது. அதில் இஸ்திரிப் பெட்டியையோ மின்கெண்டியையோ போட்டால் வயர் சூடாகும்.

இரும்புக் குழாய்: வயர் ஓடும் இரும்புக் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தும் முறை முன்பு உண்டு. குழாய் இணைப்பு துருப்பிடித்தால் எர்த் அறுந்துவிடும்.

உருண்டை முனை பாயிண்ட்: 15 ஆம்பியர், 5 ஆம்பியர் உருண்டை முனை சாக்கெட்டுகள் பழைய வீடுகளில் இன்னும் உள்ளன. சதுர முனை பிளக்குக்குள் ஒரு சிறு பியூஸ் இருக்கிறது. உருண்டை முனை பிளக்குக்குள் அது கிடையாது. ஆகவே இதை 13 ஆம்பியராக மாற்றும் முன், அந்த லைனின் வயர் தடிமனையும் மெயின் பெட்டியில் அதற்குள்ள பியூஸையும் பார்த்தாக வேண்டும்.

மரக்கட்டை: பலகை வீடுகளில் சாக்கெட் மரக்கட்டை மேல் மாட்டப்பட்டிருக்கும். கறையானும் ஈரமும் கட்டையை அரித்தால் திருகாணி பிடிக்காது. சாக்கெட் ஆடும்போது உள்ளே வயரும் ஆடித் தளர்கிறது. தளர்ந்த இணைப்பு சூடாகிப் பொறி பறக்கும். வீடுகளில் தீப்பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது

மலேசிய வீட்டுச் சுவர்களில் வழக்கமாகச் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை-மஞ்சள் எர்த். சாதனங்களோடு வரும் கயிறு போன்ற வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த்.

இங்கேதான் ஓர் ஆபத்தான குழப்பம் இருக்கிறது. சாதன வயரில் நீலம் நியூட்ரல். மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டின் சுவரிலோ சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ். நீலத்தைக் கண்டு நியூட்ரல் என்று எண்ணிக் கைவைத்தால் உயிருக்கே கேடு. போதாததற்கு, பழைய வீடுகளில் பலர் பல காலத்தில் கையில் கிடைத்த வயரைப் போட்டு ஒட்டுப் போட்டிருப்பார்கள். எந்த வயர் எது என்பதைக் கருவியால் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பிளக்கைக் கழற்றும்போது அது சுடுவது, சாக்கெட்டில் கருகல் அல்லது பழுப்புத் தடம், மீன் நாற்றம் போன்ற பிளாஸ்டிக் வாடை, செருகும்போது சீறும் சத்தம் அல்லது பொறி, மூடியில் விரிசல், பிளக் பிடிமானமின்றி நழுவுவது, குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டால் லேசாகக் கை 'சுர்' என்பது. இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பாயிண்டைப் பயன்படுத்துவதை நிறுத்தி, மெயின் பெட்டியில் அதற்குரிய சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் 'ஈரக்கை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்.

யார் செய்ய வேண்டும்?

1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளும் வீட்டு வயரிங் வேலையைத் தகுதி பெற்றவரிடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜெயா தெனாகா வழங்கும் தகுதிச் சான்றிதழ் பெற்றவரே வயர்மேன். மலாய்மொழியில் 'பெண்டாவாய்' என்பார்கள். ஒற்றைப் பேஸ் வேலைக்கும் மூன்று பேஸ் வேலைக்கும் தனித்தனிச் சான்றிதழ் உண்டு. வேலைக்கு அழைக்கும்போது சான்றிதழைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. தெரிந்த தம்பி, பக்கத்து வீட்டு அண்ணன் என்று கூப்பிட்டால் சில வெள்ளி மிச்சமாகலாம். ஆனால் எர்த்தையும் வயர் உறையையும் அளந்து பார்க்கும் கருவி அவர்களிடம் இருக்காது.

வீடு முழுக்க வயர் மாற்றினால், வேலை முடிந்ததற்கும் சோதனை செய்ததற்குமான போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு பாரங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வயர்மேன் வந்தால் வேலை எப்படி நடக்க வேண்டும்?

வீட்டுக்காரர் அருகில் நின்று பார்ப்பது நல்லது. ஒழுங்கான வேலை ஏறக்குறைய இந்த வரிசையில் நடக்கும்.

1. மெயின் பெட்டியில் உரிய சுவிட்சை அணைப்பார். பழைய வீட்டில் எது எந்த லைன் என்று எழுதியிருக்காது. ஆகவே மெயின் சுவிட்சையே அணைப்பது பாதுகாப்பு. வேறு யாரும் போட்டுவிடாதபடி பெட்டியில் அடையாளம் வைப்பார்.

2. சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு சாக்கெட்டில் லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் சோதிப்பார். மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் கருவியைப் பார்ப்பார். சிறு விளக்கு எரியும் டெஸ்ட் பேனாவை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக்கூடாது. விளக்கு கெட்டிருந்தாலும் அது 'மின்சாரம் இல்லை' என்றே காட்டும்.

3. மூடியைக் கழற்றி வயரின் நிறம், தடிமன், உறையின் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார். பிளக் பாயிண்டுகளுக்குப் பொதுவாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும்.

4. கருகிய வயர் முனையை வெட்டி, நல்ல செம்பு தெரியும் வரை உறையைச் சீவுவார். எஞ்சிய வயர் குட்டையாக இருந்தால் இழுத்துக் கட்டக்கூடாது. முறையான இணைப்பு போட வேண்டும். டேப் சுற்றி ஒட்டுவது இணைப்பு ஆகாது.

5. சாக்கெட்டின் பின்புறம் எல், என், இ என்று பொறித்திருக்கும். லைவ் எல்லுக்கும், நியூட்ரல் என்னுக்கும், எர்த் இக்கும் போகும். இரும்புப் பெட்டியாக இருந்தால் பெட்டிக்கும் எர்த் இணைப்பு வேண்டும். உறையில்லாத எர்த் வயருக்குப் பச்சை-மஞ்சள் குழாய் மாட்ட வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கியபின் வயரை இழுத்துப் பார்ப்பார்.

6. மூடியைப் பொருத்தியபின் லைவும் நியூட்ரலும் மாறிப்போகவில்லையா, எர்த் மெயின் பெட்டி வரை தொடர்கிறதா, வயர் உறை கசியவில்லையா என்று கருவியால் அளப்பார். உறைச் சோதனை 500 வோல்ட்டில் நடக்கும். கடைசியில் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்ப்பார்.

ஆறாவது படியைச் செய்யாமல் கைப்பேசி சார்ஜரைச் செருகிக் காட்டி, 'ஏறுது பாருங்க அண்ணே' என்று கிளம்பினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. எர்த்தே இல்லாவிட்டாலும் சார்ஜர் ஏறும்.

எர்த் இல்லையென்றால் என்ன வழி?

இதுதான் பழைய வீட்டில் பணம் செலவாகும் இடம். எர்த் வயர் இல்லாத பாயிண்டுக்கு மெயின் பெட்டியிலிருந்து புதிய வயர் இழுப்பதே சரியான தீர்வு. சுவரை உடைக்க வேண்டியதில்லை. சுவரின் மேலேயே பிளாஸ்டிக் குழாயில் கொண்டுவரலாம். எர்த் கம்பி அழிந்திருந்தால் புதிதாக அடித்து, அதன் மின்தடையை அளக்க வேண்டும்.

செலவைக் குறைப்பதாக நினைத்துச் சிலர் எர்த் துளையையும் நியூட்ரலையும் சாக்கெட்டுக்குள்ளேயே சிறு வயரால் இணைத்துவிடுவார்கள். எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்தால், அந்த வீட்டுச் சாதனங்களின் இரும்பு உடம்பெல்லாம் லைவாகிவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவதும் இப்படித்தான். இன்று குழாய்கள் பிளாஸ்டிக்காக மாறிவருகின்றன. இரும்புக் குழாயாகவே இருந்தாலும், குளிப்பவர் கையில் அந்த மின்சாரம் போய்ச் சேரும்.

எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் வயர் மாற்ற வசதியில்லாதவர்கள் வரிசை வைத்துக்கொள்ளலாம். முதலில் மெயின் பெட்டியில் ஆர்சிசிபியும் எர்த் கம்பியும். அடுத்து தண்ணீர் புழங்கும் சமையலறையும் துணி துவைக்கும் இடமும். அதன்பின் கூடமும் படுக்கையறைகளும். ஆர்சிசிபி எர்த்துக்கு மாற்று ஆகாது. ஆனால் வேலை முடியும் வரை உயிரைக் காக்கக்கூடியது அதுவே. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லையென்றால் உடனே மாற்ற வேண்டும்.

எந்தச் சாக்கெட்டை வாங்குவது?

சாக்கெட், பிளக், சுவிட்ச் ஆகியவை எரிசக்தி ஆணையத்தின் அனுமதி பெற்றே விற்கப்பட வேண்டிய பொருள்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா, எம்எஸ் 589 அல்லது பிஎஸ் 1363 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும்படி அகலத் துளைகளோடு வரும் மலிவான சாக்கெட்டுகளில் முனைகள் இறுகப் பிடிப்பதில்லை. குழந்தைகளைக் காக்கும் கதவும் பலவற்றில் இருக்காது.

ஒரு பாயிண்ட் 13 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். ஒரு மின்கெண்டி மட்டுமே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதோடு சோறு ஆக்கும் குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும் மூன்று தலை அடாப்டரில் சேர்த்துச் செருகினால் சாக்கெட் கருகத்தான் செய்யும். பாயிண்ட் போதவில்லை என்றால் பாயிண்டைக் கூட்ட வேண்டும். குளிர்சாதனத்துக்கும் வெந்நீர்ச் சாதனத்துக்கும் தனி லைன் வேண்டும்.

தோட்ட வீடும் வாடகை வீடும்

தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர் தாமாகக் கைவைக்கத் தேவையில்லை. தொழிலாளர் வீடமைப்பு குறித்த 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டத்தின்படி, தொழிலாளருக்குத் தரும் வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை. கருகிய பாயிண்டைப் படம் எடுத்து, தேதியோடு எழுத்து மூலமாகத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். நடவடிக்கை இல்லையென்றால் தொழிற்சங்கத்தையோ வட்டாரத் தொழிலாளர் அலுவலகத்தையோ அணுகலாம். வாடகை வீட்டில் வீட்டு உரிமையாளருக்கு இதேபோல் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஆபத்து நேர்ந்தால்

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடக்கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். முடியாவிட்டால், காய்ந்த தரையில் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை விலக்க வேண்டும். 999க்கு அழைக்க வேண்டும். மூச்சில்லையென்றால் தெரிந்தவர்கள் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். சாக்கெட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. மீட்டருக்கு வெளியே உள்ள கோளாறுக்குத் தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழைக்கலாம்.

இந்தப் பண்டிகைக்குச் சாயம் பூசும் முன், மெயின் பெட்டியைத் திறந்து ஆர்சிசிபி இருக்கிறதா என்றும், வீட்டைச் சுற்றி நடந்து எர்த் கம்பி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடலாம். இரண்டில் ஒன்று கண்ணில் படவில்லையென்றால், சாயக்காரருக்கு முன்னால் வயர்மேனை அழைப்பதே முறை. சுவரில் குழாய் இழுக்க வேண்டி வந்தால், புதுச் சாயமும் வீணாகாது.